பேணுதலாய் வைத்த பத்திரிகை

பதுளை பஸார் வீதியில் சப்பாத்துக்கடை ஸப்வான் என்றால்தான் ஆளைத் தெரியும். ‘மலைப்பிறை’ ஆசிரியர் ஸப்வான் என்று கேட்டுப் பாருங்கள், அது எந்த ஊர் ஆள் என்பார்கள். மாதம் ஒருமுறை வரும் இஸ்லாமியப் பத்திரிகை அது. எழுதுவதும் அவர், எழுத்துப்பிழை விடுவதும் அவர், லுணுகலை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றி அனுப்புவதும் அவர். மனுசருக்கு ஒரே ஓர் ஆசைதான். தன் தலையங்கத்தை யாராவது ஒருவர் வாசித்துவிட்டு, நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால்தானே!

தாள் விலை ஏறிய ஏற்றத்தில் அச்சு நின்றது. காலத்தோடு போவோம் என்று பத்திரிகையை அப்படியே பீடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் விட்டார். ‘மாஷா அல்லாஹ்’ வந்து குவிந்தது. தலையங்கத்தைப் பற்றி மட்டும் மூச்சுப் பேச்சில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த மருந்துக்கடை நப்ரீஸை மறித்துக் கேட்டார். நப்ரீஸ் நெளிந்தான். திறக்கவே இல்லையாம்.

“உள்ள குர்ஆன் ஆயத்தெல்லாம் ஈக்கிதே நானா. இந்த ஃபோனோடதான் டொய்லட்டுக்கும் போறோம். எதுக்கும் பேணுதலா, கவனமா இருப்போமேன்னு தொறக்கல்ல.”

அதில் குற்றமில்லை என்று மௌலவியே சொல்லிவிட்டாராம். இருந்தாலும் பேணுதல் பேணுதல்தானாம்.

அப்படியானால் அச்சில் வந்த காலத்தில்? அதையும் கேட்டுத் தொலைத்தார். கேட்டிருக்கக் கூடாது. அந்தத் தாளில் கருவாடு சுற்ற முடியாது, குப்பையில் போட முடியாது, கீழே கிடந்தால் பிள்ளைகள் மிதித்துவிடும். ஆகவே வந்த கையோடு கண்ணில் ஒற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவார்களாம். வீட்டுக்கு வீடு அப்படித்தானாம். இவ்வளவு மரியாதையோடு வாசிக்காமல் விட்ட பத்திரிகை உலகத்தில் வேறு உண்டா, சொல்லுங்கள்!

ஸப்வான் வீட்டுக்குப் போய், இனிப் பேனாவைத் தொடமாட்டேன் என்றார். மனைவி நளீரா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணால் வாசிக்கப் பயம் என்றால் காதுக்குக் கொடுக்க வேண்டியதுதானே என்றாள். அன்றைக்கே ஆயத்துகளை விட்டுவிட்டுப் பத்திரிகையை ஃபோனில் வாசித்துக் குரல் பதிவாகக் குழுவில் போட்டாள். ‘ஆகையினால்’, ‘எனவேதான்’ எல்லாம் வெங்காயத் தோலோடு போயின. தலையங்கத்துக்கு வந்ததும், “இது எங்கட இவரு எழுதினது, கொஞ்சம் நீளம். சுருக்கமா, கலியாண வீட்டுல சோத்தக் கொட்டாதீங்க, அளவா ஆக்குங்க” என்று முடித்துவிட்டாள். தூக்கம் முழித்து எழுதிய மூன்று பத்தி! ஸப்வான் அவளோடு பேசுவதை நிறுத்தினார். சனம் மட்டும் அடுப்படியிலும் பண்டாரவளை பஸ்ஸிலும் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கோபம் ஆறுமுன் கடை வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஸரூக், கலியாண வீடுகளுக்குப் புரியாணி ஆக்கும் சமையல்காரர். முகம் கடுகடு என்றிருந்தது. பதிவைக் கேட்டுவிட்டு இரண்டு வீட்டுக்காரர்கள் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம்.

“இப்பிடி எழுதினா என்ட பொழப்பு என்னாகும்? உங்கட தலையங்கம் சுத்தப் பிழை!”

ஸப்வான் ஓடிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டார், தூசியைத் தன் சட்டையாலேயே துடைத்தார், எதிர்க்கடைக்குத் தேநீருக்குச் சொல்லிவிட்டார். ஸரூக்கின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“இருங்க நானா, தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலா ஏசுங்க. வருசா வருசம் இதத்தான் எழுதுறேன். நீங்கதான் மொத ஆளு.”