கிந்தா ராணியின் பெரட்டு

லியோனார்ட் அண்ணனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவி, "எழுதுற அளவுக்கு அவரு என்னா செஞ்சாரு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாய் பக்கம், சுண்ணாம்புக்கல் உடைக்கிற ஒரு கல்லுமலையில் லோரிக்கு எடை பார்க்கிற வேலை அவருக்கு. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, வாரத்தில் ஆறு நாள். லோரி எடை மேடையில் ஏறும், எண் வரும், சீட்டு அடித்துக் கொடுப்பார், லோரி இறங்கும். இருபத்தாறு வருஷமாக அதே கூண்டு, அதே வெள்ளைத் தூசி. துவைத்த சட்டையை உதறினாலும் சுண்ணாம்பு பறக்கிறது என்று அவர் மனைவி ஏஞ்சலா அக்கா அலுத்துக்கொள்வார். இதில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் இந்த மனிதர்தான் பதின்மூன்று வருஷமாக, ஞாயிறு தவறாமல், எங்களை விண்வெளிக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்.

இது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஒரு விளையாட்டு. கணினி கிடையாது, திரை கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். "கப்பலுக்கு முன்னால ஒரு பாறை வருது, என்னா செய்றீங்க?" என்று கேட்பார். நாம் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதை இரண்டு பகடை தீர்மானிக்கும். எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் பலித்தது. கீழே விழுந்தால் நாசம். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். வாரம் முழுக்க அடுத்தவன் வீட்டு ஏர்கோனை, அந்தக் குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றித் தண்ணீர் அடிக்கிற எனக்கு, ஞாயிறு மூன்று மணிக்கு ஒரு கப்பலை ஓட்டக் கிடைத்தது. சிரிக்கிறவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது.

லியோனார்ட் அண்ணன் அலமாரியில் விண்வெளி விளையாட்டு விதிநூல்கள் ஒரு வரிசை இருந்தன. பாதி பழையது, பாதி நகலெடுத்துச் சுருள் கம்பி போட்டது. ஒன்றில் பாத்திரத்தை உருவாக்கும்போதே அது செத்துப்போகலாம். கேரன் அப்படி ஒரே மாலையில் மூன்று பேரைச் சாகடித்துவிட்டு, "இதுக்கு நான் வீட்டுலயே இருந்திருப்பேன் லா" என்று எழுந்து போய்விட்டாள். இன்னொன்றில் கப்பலுக்குள் ஏதோ ஒன்று ஒளிந்திருந்து ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு போகும். அதை ஆடிய வாரம் எனக்குக் குளியலறைக்குத் தனியாகப் போகவே பயம். கடைசியில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அவரே ஒன்று செய்தார். பெரிய போர் எதுவும் இல்லை. ஒரு கிழட்டுச் சரக்குக் கப்பல், நிலாக்களுக்கு இடையே தண்ணீர்க்கட்டி ஏற்றிப் போகிறது. பெயர் கிந்தா ராணி. எங்களுக்குப் பிடித்துப்போனது அதுதான்.

முதலில் ஆறு பேர் இருந்தோம். இரண்டு பேர் சிங்கப்பூர், ஒருவர் ஜோகூர் என்று போய்விட மூன்று பேர் மிஞ்சினோம். பல் மருத்துவரிடம் முன்மேசையில் வேலை பார்க்கிற கேரன் கப்பலில் இயந்திரம் பார்ப்பாள். நான் கப்பல் ஓட்டுகிறவன். குமுதா அக்கா கேப்டன்.

குமுதா அக்கா ஈப்போவில் ஒரு பேரங்காடியில் பாதுகாவலர். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். வருகிற சனம் அவரிடம் கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்கும். பாதி வயதுள்ள மேற்பார்வையாளன், உட்கார்ந்தால் பெயர் சொல்லிக் கத்துவான். எங்கள் மேசையில் மட்டும்தான் "இப்ப என்னா செய்யலாம்?" என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்போம். அங்கே அவர் குரலே வேறு.

செமோருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அவர். அப்பா மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. தோட்டத்தில் விடியும் முன்னே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், சொல்லாதவனுக்கு அன்று வேலை இல்லை. "அந்தப் பெரட்டு நேரத்த நெனச்சாலே எரிச்சலா வரும்" என்பார் குமுதா அக்கா. அப்படிச் சொன்னவர், கேப்டன் ஆன முதல் ஞாயிறு என்ன செய்தார் தெரியுமா? ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு பெரட்டு எடுத்தார். "கேரன்?" "இஞ்சின்." "தனேஸ்வரன்?" "ஸ்டேரிங்." அதன்பிறகு பெரட்டு எடுக்காமல் கிந்தா ராணி ஒருநாளும் கிளம்பியதில்லை. லியோனார்ட் அண்ணன் பெயரை மட்டும் கூப்பிட மாட்டார். அவர் கதை சொல்கிறவர், கப்பலில் ஆள் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கதை சொல்கிறவர் தன் பகடையை மறைவில்தான் போடுவார். கோயில் காலண்டர் அட்டையை மடித்து நிறுத்தி அதற்குப் பின்னால் போடுவார் அண்ணன். பாவம், அவர் முதுகுக்குப் பின்னால் ஏஞ்சலா அக்காவின் கண்ணாடி அலமாரி இருந்தது. குழந்தை இயேசு சிலைக்கும் பீங்கான் கோப்பைகளுக்கும் பின்பலகை முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. என் நாற்காலியிலிருந்து பார்த்தால் பகடை பளிச்சென்று தெரியும். மூன்று விழுந்திருக்கும், "ஒம்பது, தப்பிச்சீங்க" என்பார். எங்களைச் சாகடிக்க அவருக்கு மனசு வராது. நான் மட்டும்தான் இதைக் கண்டுபிடித்தேன் என்று பதின்மூன்று வருஷமாக எனக்கு ஒரு பெருமை.

போன மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வீட்டு ஏர்கோனைக் கழுவப் போனேன். லீவு போட்டிருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நின்றபடியே தூங்கி வழிந்தார்.

"அண்ணே, போயி படுங்க" என்றேன்.

"தனேஸ், ஒன்னு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாத. ஞாயித்துக்கெழம கப்பல முடிச்சிரப் போறேன்."

நான் தண்ணீர்க் குழாயை நிறுத்தினேன்.

"முடியல லா. சனிக்கெழம சாயங்காலம் வந்து விழுந்தா, ஞாயிறு காலைல கோயில், அப்புறம் உக்காந்து கதை யோசிக்கணும். முன்ன எல்லாம் கூண்டுல உக்காந்தே யோசிச்சிருவேன். இப்ப ஒன்னுமே வர மாட்டேங்குது. லோரி நம்பர் தான் வருது. ரொம்ப சூசா ஆயிருச்சு, கஷ்டமா இருக்கு."

"அப்ப களைப்பா இருக்குன்னு சொல்லிருங்கண்ணே. யாரு என்னா சொல்லப் போறா?"

"குமுதா மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? அதுக்கு இருக்கிறது இது ஒன்னுதான். டைஸ் முடிச்சு வைக்கட்டும். டைஸ் மேல யாருக்கும் கோவம் வராதுல்ல?"

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை. அந்த மனிதர் எனக்கு எவ்வளவு கொடுத்தார், நான் ஒருநாளாவது "அண்ணே, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேனா? கடையில் தாப்பாவ் பொட்டலம் கட்டி வந்த மீ நூடுல்ஸைத் தின்றுவிட்டு, அடுத்த வாரம் என்ன என்று கேட்டுவிட்டுப் போனவன்தானே நான்.

ஞாயிறு வந்தது. வெளியே மழை. பெரட்டு முடிந்தது. அண்ணன் கதையைத் தொடங்கினார். சூரியன் ஒன்றுக்கு மிக அருகில் போகும்போது குளிர்க்குழாய் வெடிக்கிறது. கேரன் பகடை போட்டாள், பதினொன்று. குழாய் சரியாகிவிட்டது. அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கப்பல் சூரியனை நோக்கி இழுபடுகிறது என்றார். குறைவாக விழட்டும் என்று நான் வேண்டுமென்றே கையை அசட்டையாக உதறிப் போட்டேன். பத்து! மற்ற நாளில் நாயாய்க் கெஞ்சினாலும் விழாத எண்கள் அன்றைக்கு வரிசையில் நின்றன. கேரன் மேசையைத் தட்டிச் சிரித்தாள். அண்ணனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"சூட்டுல கப்பலோட உடம்பு தாங்குமான்னு நான் போட்டுப் பாக்கணும்" என்று சொல்லி, அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டினார்.

கண்ணாடியில் பார்த்தேன். ஆறும் நாலும். கப்பல் தாங்கிவிட்டது.

அவர் அந்தப் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏஞ்சலா அக்கா சமையலறையில் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு தலையை நிமிர்த்தாமல், "அஞ்சு. தாங்கல. உடையுது" என்றார்.

கேரனின் சிரிப்பு நின்றது. குமுதா அக்கா அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கும் தெரியும்! எத்தனை வருஷமாகத் தெரியும்? இப்போது கேட்கப் போகிறார், "அண்ணே, பத்துதானே விழுந்துச்சு?" என்று. அவருடைய கப்பல் அது. கேட்க அவருக்கு உரிமை உண்டு.

"சரி" என்றார் குமுதா அக்கா. "எல்லாரும் உயிர்காக்கும் படகுக்கு வாங்க. கப்பல விட்டுருவோம்."

அவ்வளவுதான். வாதம் இல்லை, இன்னொரு தடவை போடுங்கள் என்ற கெஞ்சல் இல்லை. கேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் படகு பிரிந்து போவதையும், பின்னால் கிந்தா ராணி உருகுவதையும் அண்ணன் நாலே வரியில் சொல்லி முடித்து, "அவ்ளோதான்" என்றார்.

"இல்ல, பெரட்டு எடுக்கணும்" என்றார் குமுதா அக்கா. நோட்டைத் திறந்தார். "கேரன்?"

"இஞ்சின்" என்றாள் கேரன், இயந்திரம் இல்லாத படகில்.

"தனேஸ்வரன்?"

"ஸ்டேரிங்."

"லியோனார்ட்?"

அண்ணே என்று சேர்க்கவில்லை. பெரட்டில் சேர்ப்பதில்லை. அண்ணன் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். "நான் கப்பல்ல ஆளே இல்லயே, கேப்டன்."

"பேரு கூப்பிட்டா பதில் சொல்லணும்."

அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த விரல் இடுக்குகளில்கூட வெள்ளைத் தூசி இருந்தது. அப்படியே, "முடியல குமுதா" என்றார்.

"சீக்கா, லீவா?"

கைகளை விலக்கி, "லீவு" என்றார்.

"எத்தன நாளு?"

"தெரியல."

குமுதா அக்கா அதை அப்படியே எழுதினார். நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளியே வாசலில் மழை விடக் காத்திருந்தபோது கேரன் என்னிடம் மெதுவாக, "பத்துதானே விழுந்துச்சு?" என்றாள். ஆக, மூன்று பேரும் பதின்மூன்று வருஷமாக ஒருவருக்கொருவர் சொல்லாமல் அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். என் பெருமை அன்றோடு போனது.

"நம்மளக் காப்பாத்த எத்தன தடவ பொய் சொன்னாரு" என்றார் குமுதா அக்கா. "இன்னிக்கித்தான் தனக்குன்னு ஒன்னு சொல்றாரு. அத நம்பலன்னா எப்படி?" குடையை விரிக்கப் போனவர் விரிக்காமல் நின்றார். "நாளைக்கி டூட்டில நின்னா எத நெனச்சுக்கிட்டு நிப்பேன்னுதான் தெரியல." அழுதுவிட்டார். மூன்று பேரும் நனைந்துகொண்டே போனோம்.

அடுத்த ஞாயிறு சரியாக மூன்று மணிக்கு என் கைப்பேசி அடித்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் குமுதா அக்கா. ஆட்டம் இல்லாததால் ஞாயிறும் வேலைக்குப் போனவர், நின்ற இடத்திலிருந்தே எழுதியிருக்கிறார். "கேரன்?" "இஞ்சின்" என்று பதில் வந்தது. "தனேஸ்வரன்?" நானும் ஞாயிறு வேலை எடுத்து, ஒரு வீட்டுக் கூரைக்கடியில் ஏணியில் இருந்தேன். "ஸ்டேரிங்" என்று அடித்தேன். "லியோனார்ட்?" ஏணியிலிருந்து இறங்கித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "லீவு."

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்குப் பெரட்டு உண்டு. கப்பல் இல்லை, கதை இல்லை, பெரட்டு மட்டும். கேப்டன் இன்னும் கேப்டன்தான்.

போன வாரம் மூன்று பத்தாகியும் அண்ணனிடமிருந்து பதில் வரவில்லை. எனக்குப் படபடப்பாகிவிட்டது. ஏஞ்சலா அக்காவை அழைத்தேன். "நல்லாத் தூங்குறாருப்பா. கைல போன வச்சிக்கிட்டே தூங்கிட்டாரு. எழுப்பட்டுமா?" என்றார். குழுவில் அதைச் சொன்னேன்.

உடனே குமுதா அக்காவிடமிருந்து வந்தது: "எழுப்ப வேணாம்னு சொல்லு. நான் லீவுன்னு எழுதிக்கிறேன்."