படிவத்தில் போட்ட 'இல்லை'

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்காவில் ஒரு மருத்துவமனை லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. ரத்தம் கண்டபடி உறையாமல் இருக்க உடம்பே சில புரதங்களை வைத்திருக்கிறது. அதில் ஒன்றை அளக்கும் வசதி அப்போது எங்களிடம் இல்லை. நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து, சுழலவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் உறையவைத்துக் கோலாலம்பூருக்கு அனுப்புவோம். வார்டிலிருந்து வரும் குழாயில் கோடு வரை ரத்தம் இல்லையென்றால் திருப்பி விடுவேன். அதிலெல்லாம் நான் ரொம்பக் கறார்.

பத்து பெரண்டாம் என்ற பக்கத்து ஊரில் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். முந்தைய வருடம் காலில் ரத்தம் கட்டி, மருந்து சாப்பிட்டு முடித்திருந்தாள். மறுபடி கட்டுமா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. கர்ப்பமானால் அந்தப் புரதம் தானாகவே குறையும் என்பதால் படிவத்தில் அதற்கொரு கேள்வி உண்டு. கவுண்டரில் எல்லோருக்கும் கேட்கும்படி, "மாசமா இருக்கியாம்மா?" என்றேன்.

"அதெல்லாம் இல்ல லா," என்று மாமியார் முந்திக்கொண்டார். அவள் தரையைப் பார்த்தாள். நான் 'இல்லை' என்று போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

முடிவு குறைவாக வந்தது. டாக்டர் படிவத்தை நம்பி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எழுதினார். ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கலாம் என்றும், தொடங்குமுன் இன்னொரு முறை ரத்தம் கொடுக்கும்படியும் சொன்னார். இந்த முறை அவள் ஷிப்ட் முடிந்து சீருடையோடு தனியாக வந்தாள்.

"மாத்திர போட்டுட்டியா?"

"இன்னும் இல்லக்கா. ரத்தம் குடுத்துட்டுத்தான் போடணும்னாரு." கையை நீட்டியவள் மெதுவாகக் கேட்டாள். "அந்த மாத்திர வயித்துல உள்ள பிள்ளைய ஒண்ணும் செய்யாது இல்ல?"

ஊசியைக் கீழே வைத்தேன். கருவிலிருக்கும் பிள்ளையை ஊனப்படுத்தக்கூடிய மாத்திரை அது.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக்கூடாதுன்னு அத்தை சொல்லிட்டாங்க. அத்தன பேரு முன்னால எப்படிக்கா?"

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் நான் மாசமாக இருந்தபோது, அதே கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, மூன்று மாதம் முடியும்வரை கூட வேலை செய்தவர்களிடம் மூச்சுவிடாதவள் நான். அவளிடம் அதை ஊரைக் கூட்டிக் கேட்டதும் நான்தான். வெட்கமாக இருந்தது.

டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். மாத்திரை வேண்டாமென்று சொல்லி, பிள்ளையைப் பாதிக்காத ஊசிக்கு மாற்றினார். அவள் பையிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஒட்டிய வாய் பிரிக்கப்படவில்லை. அதைப் பார்த்த பிறகு போய், படிவத்தில் நான் போட்ட 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினேன்.