மகனுக்காகத் தேற்றிய உடம்பு

போத்தனூரில் தையல் மிஷின் மிதித்தே மகன் கதிரை ஆளாக்கியவள் மாசாணியம்மாள். கல்லீரல் கெட்டுப் படுத்துவிட்ட அவனுக்குத் தன் கல்லீரலில் ஒரு பங்கைக் கொடுக்கத் துணிந்தாள். கொடுக்கிறவள் தெம்பாக இருக்க வேண்டாமா? மாதக்கணக்கில் நெய்யும் ஆட்டுக்கால் சூப்பும் கருப்பட்டியுமாகத் தின்று உடம்பைத் தேற்றினாள்.

அன்று ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது விலாவில் பசை தடவி, விலாவைத் தட்டித் தட்டி ஈரலைச் சோதிக்கும் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார்கள். அது தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் அம்மனை வேண்டினாள்.

"ஈரல்ல கொழுப்பு நெறையப் படிஞ்சிருக்குதுங்கம்மா. இப்போ எடுக்க முடியாதுங்க. உடம்பக் கொறச்சுட்டு வாங்க, மறுபடி பாக்கலாம்" என்றார் டாக்டர்.

"ஐயோ, அவனுக்காவத்தானுங்க தின்னேன்! கொறைய எத்தன நாளாகுமுங்க?"

"ரெண்டு மூணு மாசமாவது ஆகுங்க."

"அதுவரைக்கும் எம்பையன் தாங்குவானுங்களா?"

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

வார்டில் கதிர் மஞ்சள் பூத்த கண்களோடு சிரித்தான். "ஏம்மா, பாஸா பெயிலா? நீ பள்ளிக்கூடத்துலயே பாஸானதில்லயே!"

"இரு கண்ணு, உடம்பக் கொறச்சுட்டு வாரேன்" என்று வெளியே ஓடினாள். கொளுத்தும் வெயிலில் ஆஸ்பத்திரி மதிலைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். கால் பின்னியது, கண்ணீர் வழிந்தது. அவள் நிற்கவேயில்லை.