நீலக் குழாயை மூடச் சொன்னேன்

எங்கள் பக்கத்தில், பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று ஒரு துணிகூட வாங்க மாட்டோம். மகள் பிரசவத்துக்கு எங்கள் மந்தைவெளி வீட்டுக்கு வந்தபோது, தொட்டில் பார்க்கலாமா என்று கேட்ட மாப்பிள்ளையை ஒரு முறை முறைத்தேன். என் வீட்டுக்காரரோ தி.நகர் போய், தண்ணீரை வடிகட்டிச் சூடாகவும் ஜில்லென்றும் தருகிற மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்து நின்றார். பிள்ளை பெற்றவளுக்கு யார் மணிக்கொரு தரம் வெந்நீர் வைப்பது என்றார். அது அவளுக்குத்தானே, குழந்தைக்கு இல்லையே என்று நானும் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மாட்ட வந்தவர் சமையலறைக் குழாயிலிருந்து டியூப் இழுத்து, வடிகட்டிகளைப் பொருத்தி, சிவப்புக் குழாயில் வெந்நீரும் நீலக் குழாயில் ஜில் தண்ணீரும் பிடித்துக் காட்டினார். முதலில் நீலத்தை மூடுங்கள் என்றேன். தாய் பச்சைத் தண்ணீர் குடித்தால் பால் குடிக்கிற பிள்ளைக்குச் சளி பிடிக்கும். நான் மூன்று மாதம் வாயைக் கட்டித்தான் இவளை வளர்த்தேன்.

"இன்னாமா, பாதி மெஷினுக்குத்தான் வேலையா?" என்று சிரித்துக்கொண்டே பின்பக்கத்துச் சுவிட்சை அணைத்தார். பிரிட்ஜில் இருந்த தண்ணீர் பாட்டில்களையும் எடுத்து வெளியே வைத்தேன்.

அந்த மாதமே வயிற்றுக்குள் அசைவு நின்றுவிட்டது. பெற்றுத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பெற்றாள். பெண் குழந்தை. அழவேயில்லை. எந்தத் தெய்வத்துக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பால் சுரந்துவிட்டது. அந்தப் பாழும் உடம்புக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது. நைட்டி நனைய நனைய மாற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாய்விட்டு அழுதால்கூடத் தேவலை என்று பயந்துபோனேன். வாசலில் நானே காவல். அவள் காதுபடக் குழந்தை என்ற பேச்சை எடுக்கக் கூடாது என்று பூக்காரம்மாவிலிருந்து மாடி வீட்டுக்காரர்கள் வரை எல்லோரிடமும் கறாராகச் சொல்லிவைத்தேன். துக்கம் கேட்க வந்த என் நாத்தனார், அடுத்த வருஷமே பாரேன் என்று ஆரம்பித்தாள். கையிலிருந்த காபியைப் பாதியில் வாங்கி வைத்து அனுப்பிவிட்டேன்.

இதற்கு நடுவில் மெஷின் அடியில் ஒழுக ஆரம்பித்தது. அதே ஆள்தான் வந்தார். என் வீட்டுக்காரர் அவரைப் படியிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்லிவிட்டார். வந்தவர் தலை நிமிராமல் டியூபைக் கழற்றி வாஷர் மாற்றினார். வடிகட்டியில் படிந்திருந்த லாரித் தண்ணீர் அழுக்கையும் அவராகவே கழுவினார். அவர் கிளம்பும் நேரத்தில் மகள் அறையிலிருந்து எழுந்து வந்தாள்.

"அண்ணா, ஜில் தண்ணி சுவிட்சப் போட்டுட்டுப் போங்க. நெஞ்செல்லாம் காந்துது."

நான் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் வேணாம்டி. குழந்தைக்குச் சளி பிடிக்கும்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அந்த ஆள் கையில் ஸ்பானரோடு அப்படியே நின்றார். ஊர் வாயையெல்லாம் மூடிவைத்தேனே, என் வாயில் யார் மண்ணைப் போட்டு மூடுவது?

மகள் என்னையே பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பிடிக்கட்டுமேம்மா," என்றாள். "சளி பிடிச்சிருந்தா தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடியிருப்போமே."

அவர் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் குளிரக் கொஞ்சம் நேரமாகும் என்று மெல்லச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் அவளைத் தரையில் உட்காரவைத்துக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் குரலெடுத்து அழுதாள். அவள் அழ அழப் பால் என் புடவையில் ஊறியது.