சாலை நடுவே ஒரு ட்ரம்பெட்

முழங்கால் வலிக்காக பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே வரும் ஓர் ஆன்டிக்குப் பார்க்கின்சன் நோய். பஞ்சாபி உடை, பளீரென்ற வெள்ளை ஷூ. நடந்துகொண்டே இருக்கும்போது கால்கள் திடீரெனத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடனே கைப்பேசியில் பழைய அமெரிக்க ஸ்விங் நடன இசை ஒன்றைப் போடுவார். ட்ரம்பெட்டுகளும் டிரம்ஸும் முழங்க, கால்கள் கிளம்பிவிடும்.

"தமிழ்ப் பாட்டு போடலாமே, ஆன்டி?" என்று கேட்டேன்.

"அதைக் கேட்டா நின்னு ரசிக்கத் தோணுது லா. இதுதான் போ போன்னு தள்ளுது."

ஒருநாள் இருவரும் சாலையைக் கடந்தபோது பாதியில் நின்றுவிட்டார். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. விளக்கு மாறிவிட்டது. லோரி ஒன்று ஹார்ன் அடித்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"இழுக்காதீங்க தம்பி, விழுந்துருவேன். பாடுங்க!"

கூச்சத்தை விட்டு வாயாலேயே ட்ரம்பெட் ஊதினேன், தொடையில் தாளம் தட்டினேன். முதலில் ஒரு கால் எழும்பியது. பிறகு விறுவிறுவென நடந்து நடைபாதையில் ஏறிவிட்டார்.

"தாளம் ஓகே, ட்ரம்பெட்தான் மோசம்" என்றார் மூச்சு வாங்கியபடி.

"சின்ன வயசுல டான்ஸ் ஆடுவீங்களா, ஆன்டி?"

"ஐயோ, என் கல்யாணத்துலகூட ஆடினதில்ல."

பிறகு எப்படி அந்தக் கால்களுக்கு இந்த இசை தெரிந்தது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.