பக்கத்து வீட்டு வாசலில் கிடந்த சகதி

மழை பெய்தால் எங்கள் ராஜபாளையம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். தெருவோரச் சாக்கடையான வாறுகாலில் குப்பையைக் கொட்டுகிற ஜனம் வேறென்னத்தை அனுபவிக்கும் என்று கறுவிக்கொண்டேதான் தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு பஸ் ஏறுவேன். அதிலும் பக்கத்து வீட்டுச் செல்வியைக் கண்டாலே எனக்கு ஆகாது. மில் வேலைக்குப் போகிறவள். அவள் வாசலில் எந்நேரமும் ஒரு சகதிக் குவியல் கிடக்கும். அதைப் போட்டோ எடுத்து நகராட்சிக்குப் புகார் அனுப்பினேன்.

ஆட்கள் வந்தார்கள். நானே முன்னால் நின்று அவள் வாசலைக் காட்டினேன். ஒருவர் வாறுகாலுக்குள் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு, "அடைப்பு உங்க வீட்டுப் பக்கம்லா இருக்கு" என்றார். பைக் ஏற்ற நான் போட்டிருந்த சிமெண்ட் சரிவை உடைத்தார்கள். அடியில், நான் வீடு கட்டியபோது தள்ளிவிட்ட செங்கல் துண்டுகளும் சிமெண்ட் மூட்டையும் இறுகிக் கிடந்தன. "எவன் பார்க்கப் போறான், மூடுய்யா" என்று கொத்தனாரிடம் சொன்ன யோக்கியன் நான்தான்.

செல்வி மண்வெட்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அதான் தண்ணி போவலையா அண்ணாச்சி? வேலைக்குப் போறதுக்கு முன்னால தெனமும் நான்தான் வாறுகால் சகதிய அள்ளி வெளிய போடுவேன். காஞ்ச பொறவுதான தூக்கிக் கொட்ட முடியும்? நல்லவேளை, நீங்க எழுதிப் போட்டிய."

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் துப்பில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலம் போனில் தகவல் வந்தது: உங்கள் புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. அதை இன்னும் நான் அழிக்கவில்லை.