கொடி இறங்கும்வரை அயிரை

அயிரையை உயிரோடுதான் சட்டியில் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் மாற்ற முடியாத சட்டம். செத்த அயிரையை அம்மா பூனைக்குக்கூடத் தயங்கித்தான் போடுவாள். விரல் நீளம்கூட இல்லாத மீனுக்கு இத்தனை மரியாதை ஏனென்று எனக்குத் தெரியாது. அந்தச் சட்டத்தால்தான் நான் சின்னப் பிள்ளையில் கொஞ்ச நாள் அயிரை வளர்த்தேன்.

அப்பாவுக்குத் தொண்டையில் புற்று வந்திருந்தது. இனி வாய்க்குப் பிடித்ததைக் கொடுங்கள் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பத்தியமே இல்லையென்றால் சீக்கு குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? தெரு முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்போது அவரால் குழைந்த சோற்றை விழுங்க முடிந்தது. அயிரைக் குழம்பு வேண்டும் என்று ஒரே ஒருமுறை கேட்டார்.

அம்மாவின் அண்ணன் ராயகிரியில் இருந்தார். மலையடிவாரத்து ஓடையில் மண்ணை அரித்துப் பிடித்த அயிரையைத் தூக்குவாளித் தண்ணீரில் விட்டு பஸ்ஸில் கொண்டுவந்தார் மாமா. தளும்பித் தளும்பி வேட்டி பாதி நனைந்திருந்தது. அன்று காலையில்தான் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அம்மன் கோயிலில் கொடி ஏறியிருந்தது.

"கொடி ஏறியாச்சுல்லா அண்ணே. அவுகளுக்காவத்தான் நேந்திருக்கேன். தவசு முடியுத மட்டும் வீட்டுல கவிச்சி கூடாது" என்றாள் அம்மா.

"ஏட்டி, கேட்டதே அவருதான? அம்மன் ஒண்ணுஞ் சொல்ல மாட்டா."

அம்மா இறங்கிவரவில்லை. டாக்டர் கைவிட்டவரை அம்மன் காப்பாற்றுவாள் என்று நம்பியிருந்தவள், அம்மனுக்குக் கொடுத்த வாக்கை எப்படி மீறுவாள்? மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கட்டிலில் படுத்தபடியே சிரித்தார்.

"கெடக்கட்டும் மச்சான். மீனு எங்க ஓடியா போவுது?"

அகன்ற மண்தொட்டியில் மணல் பரப்பி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, மீன்களை விட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். விட்ட நிமிடமே ஒன்றையும் காணோம். உற்றுப் பார்த்தால் மணலுக்கு வெளியே கண்கள் மட்டும் தெரிந்தன. பயம் தெளிந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மணல் நிறத்து உடம்பில் பழுப்புத் திட்டுகள், வாயைச் சுற்றிக் குட்டி மீசைகள். மணலை வாயில் அள்ளும், தின்னக் கிடைத்ததைத் தின்றுவிட்டு மிச்சத்தைச் செவுள் வழியாகத் துப்பும். நடுநடுவே விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் மணலுக்குள் போய்விடும்.

"அங்கன பாருட்டி, காத்தக் குடிச்சே பொழச்சிக் கெடக்கு" என்றார் அப்பா.

தினமும் தண்ணீர் மாற்றினேன். மீன்கள் சௌக்கியமாக இருந்தன. அப்பாவுக்குத்தான் சோறு கஞ்சியானது, கஞ்சி பாலானது, பாலும் கரண்டியால் புகட்டும்படி ஆனது. அம்மா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி கோயிலுக்கும் வீட்டுக்கும் நடந்தாள். தபசன்று, சனங்கள் காணிக்கையாக வீசிய பருத்தியும் மிளகாய் வத்தலும் தலையில் விழ நான் குதித்துக்கொண்டிருந்தேன். அவள் கூப்பிய கையைப் பிரிக்கவே இல்லை.

கொடி இறங்கியது. அம்மா அயிரையைத் தயிரில் விட்டு மண்ணைக் கக்கவைத்து, சின்ன வெங்காயமும் புளியும் சேர்த்து மண்சட்டியில் குழம்பு வைத்தாள். மணம் தெருமுனைவரை போயிருக்கும். அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்துத் தட்டை மடியில் வைத்தாள். அவர் விரலைக் குழம்பில் தொட்டு நாக்கில் வைத்தார். அதைக்கூட விழுங்க முடியவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உப்பு, புளி எல்லாம் கணக்கா இருக்கு" என்றார். குரல் வெறும் காற்றாக வந்தது. பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார்.

ஒரு மீன் விடாமல் தின்றேன். நான் விழுங்குவதையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்காட்டி?" என்று கேட்டார். நிறைந்த வாயோடு தலையை ஆட்டினேன். அம்மா அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆவணி பிறக்கும் முன்பே அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு, அயிரை அயிரை என்று மீன்காரம்மா தெருவில் கூவிக்கொண்டு வந்தால் அம்மா கதவைச் சாத்திவிடுவாள். எனக்கு ஆத்திரமாக வரும். அப்பா இருந்தவரைக்கும் அவருக்காக எல்லாம் செய்தாள், எனக்கென்றால் ஒரு குழம்பு வைக்கக்கூட வலிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.